பாலூட்டல் யாருடைய கடமை?

தாய்ப்பாலூட்டுவது தாயின் கடமை என்னும் கூற்று, கேட்ட மாத்திரத்திலே எவரும் தலையசைத்து ஏற்றுக்கொள்ளும் கூற்றுக்களுள் ஒன்றாகும். சமயவாதியும் அதனை ஏற்பார், வைத்தியரும் ஏற்பார், பிறவற்றில் இவ்விருவரோடும் முரண்படும் சமூக சீர்திருத்தவாதியும் இதனை மறுக்கமாட்டார். இவ்வாறு எல்லாரும் ஒருமித்து ஏற்கும் ஒன்றே மெய்யியல் மாணவனின் ஐயத்துக்கு முதலில் உரியது. ஒருவர் மீது கடமையொன்றைச் சுமத்துமுன், அதனை நிறைவேற்றுவதற்கு வேண்டியவை அவர் கையில் உள்ளனவா என்று கேட்டல் வேண்டும். இயலாத ஒன்றைச் செய்யுமாறு எவரையும் கடமைப்படுத்த முடியாது என்பதை ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற்றின் வழிவந்தோர் ஒரு விதியாகவே கொள்வர். அவ்விதியை, மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றின் லயக் காம்பராவிலிருந்து பிரசவத்துக்காக வைத்தியசாலைக்குப் புறப்படும் ஒரு தொழிலாளப் பெண்ணின் நிலையோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கத்திலேயே ஒரு தடையை நீக்கிக்கொள்ள வேண்டியுள்ளது. பாலூட்டல் இயற்கையானது; பசுவும் ஆடும் அதனை யாரிடம் கற்றன? அதற்கென ஓர் ஆயத்தம் வேண்டுமா? இவ்வாறு கேட்பவர் பலர். நிறைமாதத்திற் பிறந்த நலமான சிசுவைத் தாயின் வெறும் மார்பின் மீது கிடத்தினால், அது தானாகவே மெல்ல நகர்ந்து முலைக்காம்பை நாடும் என்பது உண்மையே. ஆயினும் நாடுதல் வேறு, பற்றுதல் வேறு. சிசு காம்பை மாத்திரம் கௌவினாற் பால் போதியளவு வராது. தாய்க்கு நோவும் வெடிப்பும் உண்டாகும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, நாடி மார்பிலே தொட, காம்பைச் சூழ்ந்த கரிய வட்டத்திற் பெரும்பகுதி வாய்க்குள் அடங்க வேண்டும். இதனைச் சிசுவுக்கு ஏற்றவாறு அமைத்துக் கொடுப்பது கற்றுக்கொள்ளப்படும் ஒரு கைத்திறன். தம் இனத்தாரிடையே வளராது மிருகக்காட்சிச்சாலைகளில் தனித்து வளர்ந்த மனிதக்குரங்குகள், ஈன்ற குட்டியை என்ன செய்வதென்று அறியாது திகைத்தமை பதிவாகியுள்ளது. நம்முடைய முன்னோர் இதனை ‘இயற்கையாக’ அறிந்திருந்தனர் என்பதன் பொருள், தாயும் பாட்டியும் அயற்பெண்களும் மருத்துவச்சியும் செய்வதைச் சிறு வயது முதற் கண்டு வந்தனர் என்பதே. அந்தக் கல்விக்கூடம் வீடு. இன்று இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. தாய்மார் மரணமும் சிசு மரணமும் குறைந்தமைக்கு அது முதன்மையான ஒரு காரணம். அதனைக் குறைகூற முடியாது. ஆனால் பாலூட்டலைக் கற்பிக்கும் பொறுப்பும் அதனோடு சேர்ந்து வைத்தியசாலைக்கு இடம்பெயர்ந்துவிட்டது என்பதைக் கருத்திற் கொண்டோர் சிலரே.

அங்கே கிடைக்கும் காலமோ மிகச் சொற்பம். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் சிசு மார்பிற் சேர்க்கப்பட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. முதல் இரண்டொரு நாட்களிற் சுரப்பது கடும்புப்பால். அளவிலே சில கரண்டிகளுக்கு மேற் போகாது. சிசுவின் இரைப்பையும் முதல் நாளில் அவ்வளவு சிறியதே. பால் பெருகத் தொடங்குவது பெரும்பாலும் மூன்றாம் நாளளவில். சத்திரசிகிச்சைப் பிரசவமாயிற் சற்றுத் தாமதிக்கலாம். அதுவரை சிசுவின் நிறை ஓரளவு குறைவதும் இயல்பு. இதனை முன்னரே அறிந்த தாய், நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவைகள் வரை பொறுமையாகச் சிசுவைச் சேர்த்துக்கொள்வாள். அறியாத தாய் தன்னிடம் பாலில்லை என்றே முடிவு செய்வாள். அம்முடிவை உறுதிப்படுத்தச் சுற்றமும் சீனித் தண்ணீரும் பால்மாப் பேணியும் காத்திருக்கும். சிசு உறிஞ்சினாலன்றிப் பால் ஊறாது. புட்டியிற் பசியாறிய சிசு உறிஞ்சாது. உறிஞ்சாமையாற் பால் குறையும். பாலில்லை என்ற முதற் பிழை இவ்வாறு மெய்யாகிவிடும்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. பாலைச் சுரக்கச் செய்வது புரோலக்ரின் என்னும் ஓமோன். சுரந்த பாலை வெளிவரச் செய்வது ஒக்சிற்றோசின். இரண்டாவது, தாயின் மனநிலைக்கு இலகுவில் வசப்படுவது. அச்சமும் நோவும் நாணமும் அதன் செயலைத் தடைசெய்யும். ஆறுதலும் அண்மையும் அதனை இயக்கும். ஆகவே ஒரு தாயின் மார்பிலிருந்து பால் வருவதும் வராததும், அவளது கட்டிலருகே நிற்பவர் எத்தகையவர் என்பதையும் ஓரளவு பொறுத்தது. உடற்றொழிலியலே இவ்வாறு கூறும்போது, கடமை அவளுக்கு மட்டுமே உரியதென்று அறவியல் எவ்வாறு கூறும்?

நம்முடைய இலக்கியத்தில் இவ்வினா புதியதன்று. புறநானூற்றில் இரண்டு பாடல்களை அருகருகே வைத்து நோக்கலாம். 278ஆம் பாடலில், தன் மகன் போரிற் புறமுதுகிட்டான் எனக் கேள்வியுற்ற முதியவள், அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என வஞ்சினம் கூறுகின்றாள். இது பள்ளிக்கூடம் முதல் மேடை வரை நாம் ஓயாது கேட்ட பாடல். மகனின் தகுதியின்மை தாயின் மார்பின் குற்றமாகின்றது. 164ஆம் பாடலை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடியது அது. சமையலை மறந்த அடுப்பிலே காளான் பூத்திருக்கின்றது. பசியால் வற்றிய மார்பைச் சுவைத்துச் சுவைத்துக் குழந்தை அழுகின்றது. குழந்தையின் முகத்தை நோக்கித் தாயின் கண்கள் கலங்குகின்றன. அவள் முகத்தை நோக்கிய புலவர் குமணனிடம் வந்து நிற்கின்றார். பாலின்மையைக் கண்ட புலவர் மனைவியைக் குறைகூறவில்லை, விதியையும் நோகவில்லை. நாட்டிற் கொடுக்கக்கூடியவன் எவனோ அவன்முன் அதனைக் கொண்டுசென்று வைக்கின்றார். (அக்குமணனும் அப்போது தம்பியால் நாடிழந்து காட்டில் இருந்தவன் என்பது இக்கதையின் துயரமான பகுதி.) பாலின்மை அரசனிடம் முறையிடத்தக்க ஒரு செய்தி என்பதே இப்பாடலின் உட்கிடை. வறட்டு வீரத்தை விதந்துரைக்கும் முந்திய பாடலினும் இதுவே பண்பாட்டின் முதிர்ச்சியைக் காட்டுவது என்பது என் துணிபு.

மலையகத் தாய் தன் குழந்தையோடு யாரிடம் சென்றிருக்க முடியும்? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூலம் அவளுடைய மக்களிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். மறு ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. எஞ்சிய நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003ஆம் ஆண்டில். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் நாட்டின் ஏனைய பகுதிகளில் இலவச வைத்தியசேவையும் கிராமத்து மருத்துவமாதும் பரவியபோது, தோட்டத்தின் சுகாதாரம் பெரிதும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. குமணன் இருந்த இடத்திலே துரை இருந்தார்.

சட்டம் முற்றாக மௌனம் சாதித்ததென்று கூறமுடியாது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம், கூலிக்கு உழைக்கும் பெண்ணின் பிரசவகாலத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்கியது. பின்னர் திருத்தப்பட்டவாறு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் பெண்ணுக்கு ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு இடைவேளைகள் கொடுக்கப்பட வேண்டும். பிள்ளை மடுவம் உள்ள இடத்தில் அரை மணிக்குக் குறையாமலும், இல்லாத இடத்தில் ஒரு மணிக்குக் குறையாமலும். மலையகத்தார் அம்மடுவத்தைப் பிள்ளைக் காம்பரா என்பர். வாசகத்தளவில் இஃது உயர்ந்த ஏற்பாடு. எழுதியவர் சமதரையை மனத்திற் கொண்டிருந்தார் போலும். மஸ்கெலியாவிலோ தலவாக்கலையிலோ கொழுந்து பறிக்கும் மலை ஓரிடத்தில், பிள்ளைக் காம்பரா வேறோரிடத்தில். இடையே செங்குத்தான பாதை, மழை, அட்டை. அரை மணியில் எவ்வளவு நடைக்கு, எவ்வளவு மார்புக்கு என்பதைச் சட்டம் கணக்கிடவில்லை. அன்றியும் சட்டம் கொடுப்பது நேரம். தராசு கேட்பது நிறை. நாளொன்றுக்கு 18 கிலோ, 20 கிலோ எனக் குறிக்கப்பட்ட கொழுந்தை எடுத்தாலன்றி முழுப் பேர் விழாது. பாலூட்டச் சென்று வந்த நேரத்துக்கு உரிய கொழுந்தைத் தராசிலே வைப்பவர் எவருமிலர். இவ்வாறு பாலும் கூலியும் ஒரே கூடைக்குள் போட்டியிடுகின்றன.

அதே 1939ஆம் ஆண்டில், தமிழர் பெருந்தொகையினராய் உழைத்த இன்னொரு தோட்ட நாடாகிய மலாயாவை அடுத்த சிங்கப்பூரிலே, சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர் ரோட்டரிக் கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். ‘பாலும் கொலையும்’ என்பது அதன் தலைப்பு. தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்பூட்டிய தகரப்பாலைப் பிரசாரம் செய்வதாற் சிசுக்கள் மடிவதைக் கண்டு, அதனை அறியாமை எனக் கூறாது கொலை எனவே அவர் பெயரிட்டார். அறவியலில் இது முக்கியமானதொரு பெயர்மாற்றம்: தாயின் தவறு எனக் கருதப்பட்டது வணிகரின் குற்றமாயிற்று. உலகம் அதனை ஒப்புக்கொள்ள நாற்பதாண்டுகளுக்கு மேலாயிற்று. 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்குப் பதிலீடான பொருள்களின் விற்பனை பற்றிய ஒழுக்கக்கோவையை 118 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இலங்கை 1983இலேயே தனக்கென ஒரு கோவையை ஏற்று, 2002இல் அதனைத் திருத்தியது. இந்நாடு பெருமைப்படக்கூடிய சிலவற்றுள் இதுவும் ஒன்று. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பாலை மட்டுமே பெற்றனர். அதே அளவீடு, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமற்றவர் நாடு முழுவதிலும் 17 வீதம், தோட்டங்களில் ஏறக்குறைய 32 வீதம் என்றும் கூறுகின்றது. முதல் இலக்கத்தை மேடைகளிற் கூறுவோர் இரண்டாவதையும் கூறுதல் நன்று.

சிசிலி வில்லியம்ஸின் வாழ்விலிருந்தே என் வாதத்துக்கு எதிரான சான்றொன்றையும் காட்டலாம். அதனை மறைப்பது நேர்மையாகாது. யப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியபோது அவர் சாங்கிச் சிறையில் அடைபட்டார். அங்கு 20 குழந்தைகள் பிறந்தன. இருபதும் தாய்ப்பாலே குடித்தன. இருபதும் உயிர் பிழைத்தன என அவர் பின்னாளில் எடுத்துரைத்தார். சிறையிலும் பட்டினியிலும் இயன்றது லயத்தில் ஏன் இயலாது என்று கேட்கலாம். உணவுக்குறையுள்ள தாயரும் பெரும்பாலும் போதிய பாலைச் சுரக்கவே செய்கின்றனர் என மருத்துவமும் கூறுகின்றது. கடும் பட்டினியிலேதான் சாத்தனாரின் வீட்டு நிலை நேரும். ஆயின் அச்சிறையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். புட்டிப்பாலுக்கு வழி இல்லை. தாயை இழுக்கும் பெரட்டு மணியும் தராசும் இல்லை. குழந்தைகள் தாயரோடேயே இருந்தன. இவற்றுக்கு மேலாக, தாயரிடையே ஒரு சிசிலி வில்லியம்ஸ் இருந்தார். அறிந்தவர் அருகிருந்தால் வறிய உடலும் ஊட்டும் என்பதையே சாங்கி காட்டுகின்றது. அதற்கான விலையை அத்தாயரின் இரத்தமும் எலும்பும் செலுத்தின என்பதையும் மறத்தலாகாது. இரத்தச்சோகையோடு மலையேறும் பெண்ணிடம் ‘உன்னால் இயலும்’ என்று மட்டும் கூறி, அவ்விலையை யார் ஈடுசெய்வது எனக் கூறாது விடுவது அரை உண்மை.

அறிந்தவர் அருகிருத்தல் என்றேன். மலைநாட்டு வைத்தியசாலைகளில் இதுவே வினாவின் கூர்மையான முனை. கட்டடங்கள் முன்னேறியுள்ளன. டிக்கோயாவில் இந்திய உதவியோடு 150 கட்டில்களுடன் அமைந்த ஆதார வைத்தியசாலை 2017 மே மாதத்திற் திறந்துவைக்கப்பட்டது. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. 2012ஆம் ஆண்டுக் கணிப்பின்படி நுவரெலியா மாவட்டத்து மக்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். எனினும் தமிழ் பேசும் தாதியரும் மருத்துவமாதரும் அத்தொகைக்கு ஏற்ப இல்லை என்பது நெடுநாளைய குறை. தமிழும் அரசகரும மொழி என 1987இல் அரசியலமைப்புக்குத் திருத்தம் வந்தது. நள்ளிரவிற் பிரசவ விடுதியில் அத்திருத்தம் பேசுவதில்லை. தாதியரிற் பெரும்பாலோர் அன்புள்ளவர்களே, ஓய்வின்றி உழைப்பவர்களே. ஆனால் ‘இவ்வாறு பிடி’, ‘நிறை குறைவதையிட்டு அஞ்சாதே’, ‘நாளை மறுநாள் பால் பெருகும்’ என்னும் மூன்று வாக்கியங்களைத் தாய் விளங்கும் மொழியிற் கூற இயலாதபோது, சைகையும் அதட்டலுமே எஞ்சுகின்றன. முன்னர் கூறிய ஒக்சிற்றோசினை இங்கு நினைவுகூர்க.

அவ்வாறாயின் தாய்க்குக் கடமையே இல்லையா? உண்டு. கர்ப்பிணிச் சிகிச்சை நாட்களிற் தவறாது செல்லுதல், கேட்டறிதல், கணவனையும் மாமியாரையும் உடன்படச் செய்தல், பிறந்தவுடன் குழந்தையைத் தன் மார்பிற் தருமாறு கேட்டுப் பெறுதல், கடும்புப்பாலை வீணெனக் கொட்டிவிடாதிருத்தல் ஆகிய யாவும் அவள் செய்யத்தக்கவை. இவையே அவளது ஆயத்தம்; விலைகொடுத்து வாங்கவேண்டியது இவற்றுள் ஒன்றுமில்லை. ஆனால் சிகிச்சை நாள் வேலை நாளாயின் அன்றைய பேர் போய்விடும். கேட்டுப் பெறுவதற்கு, கேட்கலாம் என்பதை யாரேனும் முன்னரே அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவள் கடமையின் ஒவ்வோர் அங்கத்துக்கும் பின்னால் இன்னொருவர் முந்திச் செய்திருக்க வேண்டிய கடமை ஒன்று நிற்கின்றது. பின்னது நிறைவேறாதபோது முன்னதைக் காட்டிக் குற்றஞ்சாட்டுவது அநீதி. நோயினாலோ வேறு காரணத்தினாலோ ஊட்ட இயலாத தாயும் உளள். ஊட்ட விரும்பாத தாயும் உளள். ‘கடமை’ என்ற சொல் இவர்களையும் கூண்டில் ஏற்றிவிடுகின்றது. குழந்தைக்குப் பாலுக்கு உரிமை உண்டு. தாய்க்குத் துணைக்கு உரிமை உண்டு. இவ்விரண்டையும் நிறைவேற்றும் பொறுப்பு விடுதிக்கும் தோட்டத்துக்கும் அரசுக்கும் உரியது எனக் கூறுவதே பொருத்தமாகும்.

விடுமுறையை மாத்திரம் எடுத்து நோக்குக. குழந்தைக்கு ஆறு மாதம், அதாவது 26 வாரம், தாய்ப்பால் மட்டுமே போதும் என 2001இல் உலக சுகாதாரப் பேரவை வலியுறுத்தியது. தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்குச் சட்டம் தருவது 12 வாரம். அதிற் பிரசவத்துக்குப் பின் எஞ்சுவது 10. மூன்றாவது குழந்தையாயின் இதிலும் பாதியே கிடைத்து வந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தமே அப்பாகுபாட்டை நீக்கியது. அரச ஊழியப் பெண்ணுக்கோ 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடனும், மேலும் 84 நாட்கள் அரைச் சம்பளத்துடனும், வேண்டின் இன்னும் 84 நாட்கள் சம்பளமின்றியும் கிடைக்கின்றன. இவ்விதழை வாசிக்கும் ஆசிரியைகளும் உத்தியோகத்தர்களும் இதனை அறிவர். தாய்ப்பாலின் மகத்துவம் பற்றி மலையகப் பெண்ணுக்கு விரிவுரையாற்றச் செல்வோர், அவளுக்கும் தமக்கும் இடையே உள்ள இவ்வாரங்களையும் உடன்கொண்டு செல்ல வேண்டும். எஞ்சிய 16 வாரங்களுக்கு அவள் பாலைப் பிழிந்து வைக்கலாம் என்பர். குழாய்நீர் வாய்க்காத லயத்தில், குளிர்சாதனப்பெட்டியில்லாக் காம்பராவிற் கலமொன்றைத் துப்புரவாகப் பேணுவது எங்ஙனம் என்பதையும் அவர்களே கூறவேண்டும்.

தமிழ்ச் சங்கங்கள் செய்யத்தக்க சிறு பணியொன்றும் இங்குண்டு. பேராதனை மருத்துவ பீடத்தில் ஆங்கிலத்திற் பயின்று வெளியேறுவோரில் ஒரு பகுதியினர் மலைநாட்டு விடுதிகளுக்கே செல்கின்றனர். அவர்களிற் சிங்களம் பேசுவோர் தமிழ் கற்க முன்வரும்போது, நாம் கொடுப்பதோ அகராதித் தமிழ். தமிழ் பேசும் மாணவரும் கலைச்சொற்களோடுதான் செல்கின்றனர். ‘முலைச்சூழ்வட்டம்’ என்று நாம் அழகாக அச்சிட்டுக் கொடுக்கும் சொல்லை அட்டனில் ஒரு தாயும் விளங்கிக்கொள்ளமாட்டாள். ‘காம்பு மட்டும் இல்ல தங்கச்சி, அதச் சுத்தி இருக்கிற கறுப்பும் புள்ள வாய்க்குள்ள போகணும், பயப்படாத, நான் பக்கத்துலதான் நிக்கிறேன்’ என்று அவள் பேச்சிலேயே சொல்ல ஒருவர் அந்தக் கட்டிலருகே நிற்க வேண்டும்.